ஆண்டெக்ஸ் மலையில் மாமனார் வடம் பிடித்த கதை

மாமனார் மியூனிக் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நகரத்துக்குள் இருந்த தேவாலயங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டார். "மாப்ளை, தரையில இருக்கிற கோயில் எல்லாம் ஆச்சு. இந்த ஊர்ல மலை மேல ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டார். தென்காசிக்காரர். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும், மலை தெரிந்தால் அதன் மேல் ஒரு சாமி இருக்க வேண்டும்.

நான் யோசிக்காமல், "ஆண்டெக்ஸ் இருக்கே மாமா! நான் பன்னிரண்டு தடவை போயிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்த பார்வையில்தான், என்ன சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது.

ஆண்டெக்ஸ், மியூனிக்குக்குத் தென்மேற்கே அம்மர் ஏரிக்கு மேலே குன்றின் உச்சியில் இருக்கும் சின்ன ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர். அந்தக் குன்றுக்கே 'புனித மலை' என்றுதான் பெயர். பல நூறு வருஷமாக ஜனங்கள் நடந்தே வந்து கும்பிட்டுப் போகும் தலம். இதெல்லாம் சத்தியம். அங்கே இருக்கும் பெனடிக்டின் மடத்தில் பியர் காய்ச்சுகிறார்கள் என்பதும், அது பிரமாதமாக இருக்கும் என்பதும் அதைவிடச் சத்தியம். பன்னிரண்டு தடவை போன நான் கோயிலுக்குள் ஒரு தடவைகூடக் காலெடுத்து வைத்ததில்லை.

மாமாவோ டீயையே லாகிரி வஸ்து கணக்கில் வைத்திருப்பவர். போதாக்குறைக்கு அஞ்சல் துறையில் முப்பது வருஷம் கணக்குத் தணிக்கை பார்த்தவர். அவரிடம் பொய் சொல்வது, மோப்ப நாய் முன்னால் கருவாட்டை ஒளிப்பது போல.

வியாழக்கிழமை விடுமுறை வந்தது. மனைவிக்குச் சளி, வரவில்லை. புளியோதரையும் வடகமும் கட்டிக் கொடுத்தாள். வியாழக்கிழமை மாமாவுக்கு ஒரு பொழுது விரதம், மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பாடு. வாசல் வரைக்கும் வந்து என் காதோரம், "கோயிலைத் தவிர வேற எங்கயும் கூட்டிட்டுப் போகக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். சரி என்றேன்.

நான் யோசிக்காமல் விட்ட இன்னொன்று, அது ஏன் விடுமுறை என்பது. அன்றைக்கு ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா. ஜெர்மனியில் அதே நாள்தான் தந்தையர் தினமும். தந்தையர் தினம் என்றால் அப்பாவுக்குச் சட்டை வாங்கிக் கொடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, கைவண்டியில் பியர் ஏற்றி, அதை இழுத்துக்கொண்டு காட்டு வழியே நடப்பார்கள். அப்பாவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆக, ஒரே பாதையில் பாதிப் பேர் பக்தியோடும் மீதிப் பேர் வண்டியோடும் வரும் நாளாகப் பார்த்து மாமாவைக் கூட்டிப் போயிருக்கிறேன்.

எஸ் 8 ரயிலின் கடைசி நிலையமான ஹெர்ஷிங்கில் இறங்கினோம். மலைக்கு பஸ் இருக்கிறது. "மலைக்கோயிலுக்கு பஸ்லயா?" என்று மாமா என்னைப் பார்த்த பார்வையில் நானே வெட்கப்பட்டு நடையைக் கட்டினேன். கீன்டால் என்று ஒரு பள்ளத்தாக்கு. பக்கத்திலேயே ஓடை, மேலே பீச் மரங்களின் புது இலை, ஒரு மணி நேர ஏற்றம். மாமா குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், நெற்றியில் விபூதி சகிதமாக முன்னால் போனார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். முன்னால் ஒரு வண்டி. மரச் சக்கரம் நாலு, நாலு மூலையிலும் கட்டிய பிர்ச் மரக்கொப்பு, நீலமும் வெள்ளையுமாக ரிப்பன், நடுவே எதையோ வைத்துத் தார்ப்பாயால் போர்த்தியிருந்தார்கள். தோல் அரைக்கால்சட்டை போட்ட ஏழெட்டுப் பையன்கள் கயிற்றைப் பிடித்து, ராகம் போட்டுப் பாடிக்கொண்டே இழுத்தார்கள்.

மாமா நின்றுவிட்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "மாப்ளை... தேரு!"

வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வண்டியின் முன் சக்கரம் ஒரு மரவேரில் மாட்டிக்கொண்டது. பையன்கள் முக்கினார்கள். நெல்லையப்பர் தேருக்கு வருஷா வருஷம் ஆனியில் போய் வடம் பிடித்த கை சும்மா இருக்குமா? மாமா குல்லாவைச் சரி செய்துகொண்டு ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்தார். "நெல்லையப்பா!" என்று ஒரு இழுப்பு. சக்கரம் கிளம்பிவிட்டது. பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. "ஓப்பா! ஓப்பா! ஓப்பா!" என்று கைதட்டிக் கத்தினார்கள்.

மாமாவும் கயிற்றை விடாமல், உரக்க, "ஓப்பா! ஓப்பா!" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "நம்ம அரோகரா மாதிரி போல, நீங்களும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஓப்பா என்றால் ஜெர்மனில் தாத்தா என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பின்னாலேயே நிஜமான யாத்திரைக் கூட்டமும் வந்து சேர்ந்தது. முன்னால் ஒருவர் சிலுவை ஏந்தி வர, ஒலிபெருக்கியில் ஒரு அம்மா ஜெபமாலை சொல்ல, மற்றவர்கள் முணுமுணுப்பாகப் பதில் சொல்லி வந்தார்கள். மாமாவுக்கு அங்கேயும் ஒரு குறை. "பஜனை கோஷ்டி முன்னாடி போகணும், தேரு பின்னாடி வரணும். வரிசையே தப்பா இருக்கே." ஜெபக்கூட்டம் ஒதுங்கி எங்களைக் கடந்து போனபோது, சிலுவை ஏந்தியவர் வண்டியையும் பார்த்தார், வடம் பிடித்த மாமாவின் விபூதியையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

அடுத்த வேரில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கித் தார்ப்பாய் நழுவியது. உள்ளே பியர் பாட்டில் பெட்டி மூன்று. ஒரு பாட்டில் உருண்டு வந்து சரியாக மாமாவின் காலடியில் நின்றது. குனிந்து எடுத்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி லேபிளை மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"என்ன மாப்ளை இது?"

"அபிஷேகத்துக்கு மாமா."

"யாருக்கு அபிஷேகம்?"

பக்கத்தில் நின்ற பையனுக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் அந்தப் படுபாவி அந்த நேரம் பார்த்துத் தன் தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்தான். மாமா பாட்டிலைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார், தார்ப்பாயை இழுத்து மூடினார், கையைக் கைக்குட்டையில் துடைத்தார். அதற்கப்புறம் உச்சி வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

உச்சியில் படி ஏறி முடித்ததும் என் கால்கள் பழகிய பக்கம் தன்னால் திரும்பின. பத்தடி போயிருப்பேன். "மாப்ளை, கோபுரம் இந்தப் பக்கம் இருக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கோயில் வாசலில் மாமா ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். மே மாதம் என்றாலும் கல்தரை ஐஸ் மாதிரி. இரண்டு நிமிஷத்தில் ஒரு பாட்டி, யாரோ மறந்துவிட்டுப் போன ஷூ என்று நினைத்து, இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். மாமா எழுந்து வணக்கம் வைத்து வாங்கி, திரும்பவும் வெளியே கொண்டுபோய் வைத்தார். அந்தப் பாட்டி திரும்பவும் எடுத்து வந்தார். மூன்றாவது தடவை நான் போய் என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

உள்ளே நான் இப்படி எதிர்பார்க்கவில்லை. எங்கே பார்த்தாலும் தங்கம், சுண்ணச் சாந்து வேலைப்பாடு, தேவதைகள். பலிபீடம் இரண்டு அடுக்கு. கீழே ஒரு மாதா, மேலே ஒரு மாதா. மாமா, "இது என்ன மாப்ளை, எப்போ கட்டினது?" என்றார். "பழசு மாமா" என்றேன். பன்னிரண்டு தடவை வந்தவனின் பதில். அவர் ஒன்றும் சொல்லாமல் வாசலில் இருந்த ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தை எடுத்துவந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் எனக்கு வழிகாட்டி ஆகிவிட்டார்.

முதலில் இங்கே இருந்தது ஆண்டெக்ஸ் பிரபுக்களின் கோட்டை. அவர்கள் வம்சம் அழிந்தபோது அங்கே இருந்த புனிதப் பொருட்கள் எங்கேயோ மறைத்து வைக்கப்பட்டு, இடமே மறந்துபோனது. 1388-இல் பூசை நடந்துகொண்டிருந்தபோது ஒரு எலி, பொருட்களின் விவரம் எழுதிய தோல்சீட்டைக் கவ்விக்கொண்டு வந்து வெளியே போட்டதாம். ஐதீகம் அப்படி.

"எலியா?" என்று மாமா நிமிர்ந்தார். "அப்போ விஷயம் தெளிவா இருக்கு. ஆள் அனுப்பினது யாருன்னு எனக்குத் தெரியும்." தலையில் இரண்டு குட்டு போட்டுக்கொண்டார்.

மடத்தை 1455-இல் மூன்றாம் ஆல்பிரெக்ட் கோமகன் நிறுவியது, 1669-இல் இடி விழுந்து எரிந்தது, மடத்தின் முந்நூறாவது வருஷத்துக்காக யோஹான் பாப்டிஸ்ட் ஸிம்மர்மன் இவ்வளவு அலங்காரமும் செய்தது, இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் இங்கேயே ஒரு சிற்றாலயத்தில் அடக்கமானது எல்லாம் வரிசையாக வந்தது. நேர்த்திக்கடனாக வந்த பெரிய மெழுகுவர்த்திகளை ஒரு அறையில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், மிகப் பழையது 1594-ஆம் வருஷத்து வர்த்தி என்று படித்ததும் அவருக்கு மரியாதை கூடிவிட்டது. "ஸ்டாக் சரியா வச்சிருக்காங்க." அவரும் ஒரு சின்ன மெழுகுவர்த்தி ஏற்றினார். காசை உண்டியலில் போட்டுவிட்டு, "ரசீது கிடையாதா?" என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

பசி. உட்காருவதற்கு இருந்தது பியர் கார்டன் மேசைகள்தான். "வெளிச் சாப்பாடு அனுமதி இல்லைன்னு போர்டு இருக்குமே" என்று மாமா தயங்கினார். எனக்குத் தெரிந்த ஒரே வரலாற்றை அப்போதுதான் எடுத்து விட்டேன். பியர் காய்ச்சுகிறவர்கள் தோட்டத்தில் வைத்துச் சாப்பாடும் விற்றதால் விடுதிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். 1812-இல் பவேரிய ராஜா முதலாம் மேக்ஸ் யோசஃப், பியர் விற்றுக்கொள்ளுங்கள், ரொட்டியைத் தவிர எந்தச் சாப்பாடும் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பழக்கம் இன்றுவரை நிற்கிறது. குடிக்கிறதை மட்டும் அங்கே வாங்க வேண்டும்.

"நல்ல ராஜா" என்று மாமா டப்பாவைத் திறந்தார். நல்லெண்ணெயும் பெருங்காயமும் மணக்க, பக்கத்து மேசையில் பன்றித்தொடையை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் மூக்கைத் திருப்பினார்.

நான் போய் மாமாவுக்கு ஆப்பிள் சாறு கலந்த சோடா வாங்கினேன். எனக்கும் ஏதாவது வேண்டுமே. வரிசையில் நின்றவனுக்குச் சபலம். டொப்பல்பாக் என்கிற கெட்டி பியர், அரை லிட்டர். நிறம் கறுப்பு, தூரத்திலிருந்து பார்த்தால் கோலா. மேலே நின்ற நுரையை வழியிலேயே ஊதி ஊதிக் குறைத்தேன்.

"என்ன அது?"

"கோலா மாமா."

மாமா ஒரு வடகத்தைக் கடித்துக்கொண்டே துண்டுப் பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். என் கையில் இருந்த அதே குவளை, அதே நுரை, வண்ணப் படம். கீழே ஆல்கஹால் 7.1 சதவீதம்.

புளியோதரை எனக்குத் தொண்டையில் நின்றது. மாமா மட்டும் நிதானமாகப் பேசினார். "தவக்காலத்துல சாமியாருங்க கெட்டியா பியர் காய்ச்சிக் குடிப்பாங்களாம், தெரியுமா? தண்ணியா உள்ள போறது விரதத்தைக் கெடுக்காதுன்னு கணக்காம்."

"ஆமா மாமா."

"உங்க அத்தை ஏகாதசிக்குச் சோறு ஆகாதுன்னு அடை, உப்புமா, கேசரின்னு போடுவா. அந்தக் கணக்குதான்." கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்தார். "எல்லா ஊர்லயும் சாமியை இப்படித்தான் சமாளிக்கிறாங்க. நுரை அடங்குது, குடிங்க."

திரும்பி வரும் ரயிலில் அத்தைக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார். தரிசனம் பிரமாதம், எலி விஷயம், தேர் விஷயம் எல்லாம் சொன்னார்.

"மாப்ளை பன்னிரண்டு தடவை போயிருக்காராம்" என்றார்.

"அவருக்கு இவ்வளவு பக்தின்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார் அத்தை.

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. தீர்த்தத்தை ஒரு சொட்டு மிச்சம் வைக்கலையே."

பெட்டியின் அந்தக் கடைசியிலிருந்து யாரோ "ஓப்பா!" என்று கத்தினார்கள். மாமா எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார்.