ஆயித்தியமலைக்கு நடப்பதும், வீடு திரும்பிய பின் நடப்பதும்

ஓகஸ்ட் கடைசி வந்துவிட்டால் மட்டக்களப்புக் கத்தோலிக்க வீடுகளில் ஒரே கேள்விதான்: இந்த முறை ஆயித்தியமலைக்கு நடந்தா, பஸ்ஸிலா? மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வயல்வெளி தாண்டிக் காடு தொடங்குகிற பக்கத்தில் இருக்கிறது ஆயித்தியமலைச் சதா சகாய அன்னையின் திருத்தலம். கொடியேற்றத்தோடு தொடங்கும் வழிபாடுகள் செப்டெம்பர் முற்பகுதியில் திருவிழாத் திருப்பலியோடு நிறைவுபெறும். நாள் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும் என்பதால் பங்கில் வாசிக்கிற அறிவித்தலைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு ஆயத்தமாகுங்கள்.

நடைக்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஆண்டவர் ஆயித்தியமலையில் கூடுதலாகவும் நம் அடுப்படியில் குறைவாகவும் இருப்பவரல்லர். அவர் எங்கும் இருக்கிறார். சிதறிக் கிடப்பது நம்முடைய கவனம். அதை ஒரு பகல் முழுவதும் ஒரே பக்கம் திருப்பி வைத்துப் பழகத்தான் இந்த நடை. லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தைப் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு வீட்டில் எல்லோரும் கேட்க வாசியுங்கள். எருசலேமிலிருந்து எம்மாவுக்கு ஏறக்குறைய 11 கிலோமீற்றர். உயிர்த்த இயேசு இரண்டு சீடரோடு கூடவே நடந்து வருகிறார், மறைநூலை விளக்குகிறார். அவர்களுக்கோ ஆள் யாரென்று தெரியவில்லை. தெரிந்தது பந்தியில், அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோது. வழியில் கூட வந்தவரைச் சாப்பாட்டு வேளையில் அடையாளம் கண்டுகொண்டார்கள். திருயாத்திரை எதற்கு என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

நகரிலிருந்து போகிறவர்கள் வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்து, வவுணதீவு வழியாக மேற்கே நடப்பார்கள். தூரம் 20 கிலோமீற்றரை ஒட்டி வரும். மணிக்கு 4 கிலோமீற்றர் என்று கணக்கிட்டு, இடையில் இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்தால் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே அதிகாலை நாலரைக்குப் புறப்பட்டால் உச்சி வெயிலுக்கு முன்னே போய்ச் சேரலாம். ஆறரைக்குப் புறப்படுகிறவர்கள் கடைசி ஐந்தாறு கிலோமீற்றரை உச்சி வெயிலில் நடக்க வேண்டிவரும். மயங்கி விழுவது பெரும்பாலும் அந்தக் கடைசித் தூரத்தில்தான். பாலம் தாண்டிய பிறகு நிழல் விட்டு விட்டுத்தான் வரும். சிறுபோக வேளாண்மை வெட்டிய வயல் வட்டைகளில் ஒதுங்க ஒரு மரம் கிடைப்பதும் அரிது. கச்சான் காற்று வேறு. அது வியர்வையை உடனேயே உலர்த்திவிடுவதால் உடம்பில் நீர் குறைவது தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு தடவை ஒரு குவளை குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போனால் வியர்வையோடு போகிற உப்பு ஈடாகாது, தலைவலியும் குமட்டலும் வரும். ஒரு பைக்கற் ஜீவனியை (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றுத் தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கையில் வைத்திருங்கள். அரை லீற்றரில் கரைத்துக் கெட்டியாகக் குடிப்பது கூடாது, அது நன்மைக்குப் பதில் தீமையே செய்யும். கரைத்ததை மறுநாளுக்கு வைத்திருக்கவும் கூடாது.

காலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திருவிழாவுக்கென்று வாங்கிய புதுச் செருப்போடு நடப்பவர்களைத்தான் மாலையில் முதலுதவிக் கூடாரத்தில் காணலாம். கொப்புளம் வருவது உராய்வும் ஈரமும் சேர்வதால். கால் விரல்களுக்கு இடையிலும் குதிக்காலிலும் வஸ்லின் பூசி, பழகிய செருப்பைப் போடுங்கள். சப்பாத்து என்றால் மாற்றுக் காலுறை ஒன்று வேண்டும். பாதித் தூரத்தில் மாற்றிவிடுங்கள். ஓரிடத்தில் சுடுகிற மாதிரி இருந்தால் அப்போதே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள், அடுத்த இளைப்பாறும் இடம் வரட்டும் என்று போனால் தோல் உரிந்துவிடும். வெறுங்காலோடு நடக்க நேர்ந்துகொண்டவர்கள் விடியற்காலைத் தூரத்தையும் கோவிலை அண்டிய தூரத்தையும் அப்படி நடக்கலாம். பத்து மணிக்குப் பிறகு தார் வீதி காலைப் பொசுக்கும். சீனி வியாதிக்காரர் எந்தத் தூரத்தையும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் ஏறியதுகூடத் தெரியாமல் போய்ப் புண் ஆறாமல் நின்றுவிடும். நேர்த்தியை வேறு விதமாக மாற்றித் தரும்படி பங்குத்தந்தையிடம் கேட்கலாம். அதற்குத் திருச்சபையில் இடமுண்டு.

வீதியின் வலப்பக்கமாக, எதிரே வருகிற வாகனத்தைப் பார்த்தபடி நடங்கள். விடியுமுன் முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொருவர் டோர்ச் பிடிக்க வேண்டும். பொழுதுபட்ட பிறகு கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியே நடக்கவோ, இரவில் நடந்து திரும்பவோ வேண்டாம், அது யானை நடமாடுகிற பக்கம்.

இனி, நடையில் செய்கிற செபத்துக்கு வருவோம். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணி செபத்துக்குச் சாதாரணமாக இருபது நிமிடம் போதும். நடந்துகொண்டு சொல்லும்போது மூச்சு வாங்குவதால் அரை மணியாகும். சொல்லிக்கொடுப்பவர் வரிசையின் முன்னால் நின்றால் அவர் குரல் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. இருபது பேர் தாண்டியதும் ஆளுக்கொரு வேகத்தில் சொல்லத் தொடங்கிச் செபம் கலைந்துவிடும். அவர் நடுவில் நடக்க வேண்டும். மெதுவாக நடக்கிற முதியவர்கள் முன்னால், வாலிபர்கள் பின்னால். அப்போது குழு அறுந்து போகாது, முதியவர்கள் தனித்தும் விடப்பட மாட்டார்கள். ஒவ்வொரு மந்திரத்தின் முன்பாதியை ஒரு பகுதியினரும் பின்பாதியை மற்றவர்களும் சொன்னால் மூச்சு விட நேரம் கிடைக்கும். சனிக்கிழமை நடை என்றால் மகிழ்ச்சி மறையுண்மைகள். அதில் இரண்டாவது, மரியா எலிசபெத்தைச் சந்திக்க மலைநாட்டுக்கு விரைந்து போனது. அதுவும் ஒரு நடைதான். அந்தப் பத்து மணிகளைப் பாலம் தாண்டிப் படுவான்கரையில் கால் வைக்கும்போது சொல்லும்படி கணக்குப் பார்த்து வைத்துக்கொண்டால் சிறுவர்களும் கவனிப்பார்கள்.

ஒரு செபமாலைக்கும் அடுத்ததற்கும் இடையில் கால் மணி நேரமாவது பேச்சும் பாட்டும் இல்லாமல் நடக்க விடுங்கள். ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வழிநெடுகப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் களைப்புத் தெரியாது என்கிறார்கள். மெய்தான். ஆனால் அந்தச் சத்தத்தில் உள்ளே எழுகிற செபமும் தெரியாமல் போய்விடும். அமைதியான அந்தக் கால் மணியில் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர்." மூச்சை உள்ளே இழுக்கும்போது "ஆண்டவரே", விடும்போது மற்றது. வழியில் காண்பதையெல்லாம் அந்த வாக்கியத்துக்குள் எடுங்கள்: படலையடியில் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிற சைவக் குடும்பத்து அம்மா, சூட்டுக் களத்தில் நெல் தூற்றுகிறவர், நொண்டி நடக்கிற பக்கத்துத் தோழர். தண்ணீர் தருபவரிடம் நின்று, முகம் பார்த்து, நன்றி சொல்லிவிட்டுக் குடியுங்கள். வெறும் போத்தலை வட்டைக்குள் எறிவது, தண்ணீர் தந்த ஊருக்குச் செய்கிற அவமரியாதை.

கோவிலை அடைந்ததும் பலர் நேரே பாவசங்கீர்த்தன வரிசைக்குப் போய் இரண்டு மணித்தியாலம் நின்று, களைப்பில் என்ன சொல்வதென்று தெரியாமல் திணறுகிறார்கள். முடிந்தால் முந்திய வாரமே சொந்தப் பங்கில் செய்துவிட்டு வாருங்கள். அங்கேதான் செய்வதென்றால் நடக்கும்போதே ஆத்தும சோதனையை முடித்துவிடுங்கள். தன் பாவத்தைச் சொல்ல வந்து, மருமகள் செய்ததையும் அயலவர் சொன்னதையும் விரித்துக்கொண்டிருப்பதுதான் வழக்கமான தடங்கல். கடைசியாக எப்போது செய்தீர்கள், எதை, ஏறக்குறைய எத்தனை தடவை: இவ்வளவு போதும். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உணவு கூடாது. தண்ணீரும் மருந்தும் தடையல்ல. நோன்பு முறிந்துவிடும் என்று மாத்திரையைத் தள்ளிப்போட்டு மயங்குகிறவர்கள் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறகு, அன்னையின் படத்துக்கு முன்னால் அமருங்கள். உலகெங்கும் உள்ள சதா சகாய அன்னை படங்களுக்கு மூலம், உரோமையில் புனித அல்போன்சார் ஆலயத்தில் இருக்கிறது. 1866இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அதை உலக இரட்சகர் சபைத் துறவியரிடம் ஒப்படைத்தார். உயரம் 54 சென்ரிமீற்றர் அளவுதான், மரப்பலகையில் பொன்னிறப் பின்னணி. இரு பக்கமும் மேலே இரண்டு தூதர்: மிக்கேல் கையில் ஈட்டியும் கடற்காளானும், கபிரியேல் கையில் சிலுவையும் ஆணிகளும். குழந்தை இயேசு அந்தச் சிலுவைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இரண்டு கையாலும் அம்மாவின் வலக்கையைப் பிடித்திருக்கிறார். ஒரு காற் செருப்பு வார் கழன்று தொங்குகிறது. பயந்து ஓடிவந்து தாயிடம் ஏறிக்கொண்ட வேகத்தில் கழன்றது என்று காலங்காலமாக விளக்கிவருகிறார்கள். தாயோ பிள்ளையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். பெரும்பாலானோர் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். கூட்டம் நெருக்கினால் ஓரமாக ஒதுங்கி, தொங்குகிற அந்தச் செருப்பை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். நாடி வந்த காரியம் மகனின் வேலையோ, மகளின் கலியாணமோ, வைத்தியசாலை அறிக்கையோ, அந்தச் செருப்பின் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள். கடவுளின் மகனே பயந்து தாயின் கையைப் பிடித்தார் என்றால், நம் பயத்தை மறைத்துக்கொண்டு செபிக்க வேண்டிய அவசியமில்லை.

திருவிழா முடிந்து வீடு திரும்பியபின் திங்கட்கிழமை விடியும். மெய்யான நடை அன்றைக்குத்தான் தொடங்குகிறது; மிகுதியானவர்கள் விட்டுவிடுவதும் அன்றைக்குத்தான். காரணம், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது: தினமும் திருப்பலி, தினமும் முழுச் செபமாலை, தினமும் இரண்டு அதிகாரம் வேதம். பத்து நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அல்லது வேலையில் இரவுப் பணி வரும். ஒன்று தவறும், அதன் பின்னால் எல்லாம் போய்விடும். ஒன்றே ஒன்றை எடுங்கள். அதையும் ஏற்கெனவே செய்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள்.

எளிதானது மூவேளைச் செபம். காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. மூன்று வசனம், மூன்று அருள்நிறை மந்திரம், ஒரு முடிவுச் செபம். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. மூன்று வேளையும் முடியாவிட்டால் நண்பகல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் வீட்டில் எப்படியும் ஒரு செபம் நடக்கும். பகல்தான் நாம் ஆண்டவரை மறந்துபோகிற நேரம். கடையில் நிற்பவர், வயலில் நிற்பவர், கல்லடியில் வலை காயவைக்கிறவர், கந்தோரில் கோப்போடு இருக்கிறவர், எவரும் வாய் திறக்காமலே சொல்லலாம். "வார்த்தை மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்" என்ற மூன்றாம் வசனத்தில் ஒரு கணம் நில்லுங்கள். குடிகொண்டது இந்தக் கடைக்குள், இந்தக் கந்தோருக்குள். உயிர்ப்புக் காலத்தில் இதற்குப் பதிலாக விண்ணக அரசியே செபம்.

அது ஊன்றிய பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து, இரவு மீளாய்வைச் சேர்க்கலாம். புனித இஞ்ஞாசியார் தம் சபையினருக்கு விட்டுச்சென்ற பழக்கம் இது. இயேசு சபைக் குருக்கள் நெடுங்காலம் பணியாற்றிய கிழக்கு மண்ணுக்குப் புதியதல்ல. பத்து நிமிடம் போதும். படுக்கையில் வேண்டாம், நித்திரை வந்துவிடும், கதிரையில் இருங்கள். முதலில் ஆவியானவரிடம் வெளிச்சம் கேளுங்கள். பிறகு இன்று கிடைத்தவற்றுக்கு நன்றி, பெயர் சொல்லி: மீதிக் காசை மறந்து போனபோது கூப்பிட்டுத் தந்த ஆட்டோக்காரர், மாமி அனுப்பிய மீன்குழம்பு. மூன்றாவதாக, எழும்பியதிலிருந்து நாளை மணி மணியாகத் திரும்பிப் பாருங்கள். எங்கே மனம் விரிந்தது, எங்கே சுருங்கியது? பிள்ளையின் மேல் எரிந்து விழுந்த இடத்தில் மன்னிப்புக் கேளுங்கள். கடைசியாக, நாளைக்கு வரப்போகிற ஒரு கடினமான நேரத்தைக் குறிப்பாகச் சொல்லி உதவி கேளுங்கள். இதில் அடிக்கடி நேர்கிற கோளாறு, நன்றியைத் தாண்டிக் குதித்து நேரே குற்றக் கணக்குக்குப் போவது. அப்படிச் செய்தால் ஒரு கிழமையில் மனம் சோர்ந்து கைவிட்டுவிடுவீர்கள். பத்து நிமிடத்தில் நாலு நிமிடம் நன்றிக்கே போகட்டும்.

புதன்கிழமை சதா சகாய அன்னையின் நவநாள் பல பங்குகளில் மாலையில் நடக்கும். போக முடிகிறவர்கள் போங்கள். போக முடியாதவர்கள் வீட்டுப் படத்துக்கு முன் ஒரு மெழுகுதிரியேற்றி அந்தத் தொங்குகிற செருப்பை மறுபடியும் பாருங்கள்.

நடக்கவும் முடியாமல், பஸ்ஸில் போகவும் முடியாமல் வீட்டோடு இருந்தவர்களை விட்டுவிட வேண்டாம். திருவிழா முடிந்த கிழமையே அவர்களிடம் போய், எம்மாவுப் பகுதியை வாசித்து, கோவிலில் அவர்கள் பெயரைச் சொல்லி மன்றாடியதைச் சொல்லுங்கள். நற்கருணை வேண்டுமென்றால் பங்குத்தந்தைக்குத் தெரிவியுங்கள். வரும் நேரத்துக்கு ஒரு சிறு மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), எரிகிற மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்து, தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். விழுங்கக் கஷ்டப்படுகிறவர் என்றால் முதலிலேயே சொன்னால் சுவாமி (பங்குத்தந்தை) சிறு துண்டாகப் பிட்டுக் கொடுப்பார், அதற்குத்தான் தண்ணீர். ஒரு மணி நேர நோன்பு முதியவர்களையும் நோயாளர்களையும் கட்டுப்படுத்தாது. அவர்களைப் பராமரிக்கிற மகளுக்கும் மருமகளுக்கும் அதே சலுகை உண்டு. ஆகவே காலையில் கஞ்சி பருக்கிவிட்டே சுவாமியை எதிர்பார்க்கலாம்.