0.64 ஆம்பியர் எங்கே போகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கும் எனக்கு, 20 வயதைக் கடந்த ஒரு சிறு கார் இருக்கிறது. நாள்தோறும் ஓட்டினால் அது எந்தத் தொல்லையும் தராது. சனிக்கிழமை மாலை நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினால் மட்டும், ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு அடங்கிவிடும். முதலில் பேட்டரியைத்தான் சந்தேகித்தேன். இந்த ஊர் வெயிலில் ஒரு பேட்டரி இரண்டு ஆண்டு தாங்கினாலே பெரிது. புதிதாக 35 ஆம்பியர் மணி (ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரும் கொள்ளளவு) பேட்டரி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அடுத்த திங்கட்கிழமையும் அதே ‘டக்’.

டைனமோ சரியாகச் சார்ஜ் செய்கிறதா என்று அடுத்துப் பார்த்தேன். இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14.1 வோல்ட் இருந்தது. 13.8 முதல் 14.4 வரை இருந்தால் போதும் என்பதால், டைனமோ நன்றாகவே இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். இந்த முடிவால் எனக்கு மூன்று வாரம் வீணாகப் போனது.

கார் நின்றிருக்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது என்றால், அதை ஆம்பியரில் அளக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவே, மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைச் சேர்த்தேன். மீட்டர் காட்டியது 0.00. மகிழ்ச்சியில் மனைவியைக் கூப்பிட்டுக்கூடக் காட்டிவிட்டேன். கடிகாரமும் ரேடியோவின் நினைவகமும் இணைந்திருக்கும் காரில் சுழியம் எப்படி வரும் என்று பிறகுதான் உறைத்தது. மீட்டரைத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்த கண்ணாடி ஃபியூஸின் கம்பி நடுவில் அற்று, கண்ணாடியின் உட்புறம் கரியாகியிருந்தது. 200 மில்லி ஆம்பியர் அளவில் வைத்து இணைத்திருந்தபோது கதவைத் திறந்திருக்கிறேன். உள்விளக்கு எரிந்ததும் அந்த ஃபியூஸ் போய்விட்டது.

இரண்டாம் முறை சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிக்கொண்டேன். கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, கதவு மூடியிருப்பதாகக் காரை நம்ப வைத்துவிட்டு, பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தேன்: 0.64 ஆம்பியர். இத்தகைய பழைய காரில் 0.05க்குக் கீழே இருக்க வேண்டியது இது. 0.64ஐ 36 மணி நேரத்தால் பெருக்கினால் 23 ஆம்பியர் மணி வருகிறது. 35இல் 23 போய்விட்டால், இஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் எப்படிச் சுழலும்?

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். உள்விளக்குக்கான ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் 0.20க்கு இறங்கியது. அந்த ஃபியூஸில் உள்விளக்கு, கடிகாரம், ரேடியோ, பின்பெட்டி விளக்கு ஆகிய நான்கும் தொங்குகின்றன. கைப்பேசியில் காணொளியை ஓடவிட்டு, அதைப் பின்பெட்டிக்குள் சாய்த்து வைத்து மூடினேன். எடுத்துப் பார்த்தபோது, மூடிய பெட்டிக்குள் சிறிய மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. பூட்டிலிருந்த சுவிட்ச் துருப்பிடித்து, பெட்டி திறந்திருக்கும்போது இருக்கும் நிலையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. 5 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 0.42 ஆம்பியர் இழுக்கும். பல்பைக் கழற்றி, ஃபியூஸைத் திரும்பச் செருகி, மீட்டரை எடுத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை கார் ஒரே சுற்றில் கிளம்பியது.

பிறகு மைத்துனர் திருமணத்துக்காகப் பேருந்தில் ஜொகூர் சென்று ஆறு நாள் கழித்துத் திரும்பினோம். கார் மறுபடியும் செத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டு மாமா, எண்ணெய் ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “விளக்கைக் கழட்டின பிறகு மீட்டர் என்ன காட்டுச்சு தம்பி?” நான் பார்க்கவே இல்லை. 0.64 இறங்கியதைக் கண்ட நிறைவில், மிச்சமிருந்த 0.20ஐ நான் மறந்தே போயிருந்தேன்.

மீட்டரை மீண்டும் இணைத்தோம்: 0.22. கடிகாரத்துக்கும் ரேடியோவுக்கும் 0.02 போனால், 0.20 வேறெங்கோ போகிறது. உள்ளேயும் போனட்டுக்கு அடியிலும் இருந்த ஃபியூஸ்களை, திருகாணியால் இறுக்கிய முதன்மை ஃபியூஸைத் தவிர, எல்லாவற்றையும் பிடுங்கியும் 0.20 அசையவில்லை. அப்படியானால் அந்த மின்சாரம், பிடுங்கிய ஃபியூஸ்கள் எதன் வழியாகவும் போகவில்லை. மிச்சமிருப்பவை ஸ்டார்ட்டரும் டைனமோவும்தான். ஸ்டார்ட்டர் கீழே கை நுழையாத இடத்தில் இருப்பதால் டைனமோவிலிருந்து தொடங்கினோம். இதில் அறிவைவிட வசதிக்குத்தான் பங்கு அதிகம்.

டைனமோவின் முதுகில் இருக்கும் தடித்த வயரில் எந்நேரமும் பேட்டரியின் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் தவறி இரும்பில் பட்டால் பொறி பறக்கும். அதனால் எதிர்முனையை முழுதாகக் கழற்றிய பிறகே அந்த நட்டைத் தொட மாமா அனுமதித்தார். வயரை எடுத்து, முனையைத் துணியால் சுற்றி ஒதுக்கிவிட்டு மீட்டரைப் பார்த்தோம்: 0.00. இம்முறை அந்தச் சுழியத்தையும் நம்பாமல், உள்விளக்கு ஃபியூஸைச் செருகிப் பார்த்தேன், 0.02 வந்தது, மீட்டர் பிழைத்திருக்கிறது.

டைனமோ உண்டாக்குவது மாறுதிசை மின்சாரம். அதை நேர்த்திசையாக்கி பேட்டரிக்கு அனுப்புபவை உள்ளே இருக்கும் டயோடுகள். அவையே, இஞ்சின் நின்றிருக்கும்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பி வராமல் தடுக்கும் கதவுகளும் ஆகும். அந்தக் கதவுகளில் ஏதோ ஒன்று சரியாகச் சாத்தாமல் கசிந்திருக்கிறது. கசிவு சிறியது என்பதால் சார்ஜ் செய்வதில் குறை தெரியாமல், 14.1 வோல்ட் ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தது.

பெல்ட்டைத் தளர்த்தி, இரண்டு போல்ட்டைக் கழற்றி, டைனமோவை டவுனில் இருக்கும் வயரிங் கடைக்குத் தூக்கிச் சென்றேன். பற்றவைப்பு வேலையை நானே செய்யும் துணிவு எனக்கு வரவில்லை. டயோடு தட்டை மாற்றி, கார்பன் பிரஷ்களையும் புதிதாகப் போட்டு, கூலியோடு 110 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள்.

திரும்பப் பூட்டியதும் மீட்டர் 0.02 காட்டியது. ஒரு முறை ஆழமாக இறங்கிய பேட்டரியைச் சார்ஜரில் ஓர் இரவு முழுக்க வைத்தெடுத்து, காரை ஆறு நாள் தொடாமல் நிறுத்தினேன். ஏழாம் நாள் காலை, பனி ஈரம் காயாத போனட்டைத் திறந்து அளந்தபோது 12.54 வோல்ட் இருந்தது. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. பின்பெட்டிச் சுவிட்ச் இன்னும் மாற்றப்படவில்லை. பல்பு டாஷ்போர்டு அறைக்குள் கிடக்கிறது.