ஸ்காபரோ வீடுகளில் நான் பயிலும் நடத்தைச் சிகிச்சை

யாழ்ப்பாணத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்த நான், கனடாவுக்கு வந்தபின் ஒன்ராறியோக் கல்லூரி ஒன்றில் ஓட்டிசமும் நடத்தை அறிவியலும் சார்ந்த பட்டப்பின் சான்றிதழ் படிப்பை முடித்து, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் நடத்தைச் சிகிச்சையாளராக வேலை தொடங்கினேன். இத்துறைக்குள் நுழைவது அவ்வளவு கடினமன்று. மேலே ஏறுவதுதான் நீண்ட பாதை. முதுகலைப் பட்டம், மேற்பார்வையின் கீழ் ஏறத்தாழ 2,000 மணிநேரக் களப்பயிற்சி, 185 கேள்விகள் கொண்ட நான்கு மணிநேரத் தேர்வு ஆகியவற்றைக் கடந்தவருக்கே நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்கச் சபையின் சான்றிதழ் கிடைக்கிறது. ஒன்ராறியோவில் 2024 ஜூலை 1 முதல் ‘நடத்தைப் பகுப்பாய்வாளர்’ என்பது சட்டம் காக்கும் பெயர்; ‘கல்லூரி’ என்று அழைக்கப்படும் மாகாணத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெறாதவர் அதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே புதிதாக வந்து, யாரை நம்புவதென்று தெரியாமல் நிற்கும் பெற்றோரிடம், பிள்ளையின் திட்டத்தை எழுதி மேற்பார்வை செய்பவர் பதிவு பெற்றவரா என்பதை முதலில் கேளுங்கள் என்று சொல்லி வருகிறேன்.

படங்களைக் கொடுத்துத் தேவையைக் கேட்கப் பழக்குவது, ஒரு திறனைச் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிப்பது போன்ற உத்திகளைச் சில மாதங்களில் கற்றுவிடலாம். ஒரு நடத்தை அந்தப் பிள்ளைக்கு எதைப் பெற்றுத் தருகிறது அல்லது எதிலிருந்து விடுவிக்கிறது என்று கண்டறிவதற்குத்தான் ஆண்டுகள் தேவைப்படுகின்றன. தன்னைத் தானே காயப்படுத்தும் செயலுக்கும் இப்படி ஒரு பயன் இருப்பதைச் சோதித்து அறியலாம் என்று ஆய்வாளர் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் 1982இல் காட்டினார்கள். அதே பயனைத் தரக்கூடிய தொடர்பாடலைக் கற்பித்தால் அந்த நடத்தை குறையும் என்பதை 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டியூரண்டும் நிறுவினார்கள்.

பாடமாகப் படித்த இவ்விரண்டையும் ஒரு சாப்பாட்டு மேசையில்தான் நான் விளங்கிக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டின்போது தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்ளும் ஆறு வயதுச் சிறுவனைப் பற்றி, ‘அடம் பிடிக்கிறான்’ என்று வீட்டார் சொன்னார்கள். எதையும் மாற்றாமல், முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்ற மூன்று நிரல்களில் எழுதிக்கொண்டு மட்டும் வரும்படி என் மேற்பார்வையாளர் பணித்தார். ‘அடம்’ என்று எழுதுவதை அவர் ஏற்கவில்லை. ‘மேற்பற்கள் மணிக்கட்டின் தோலில் படுதல்’ என்று எழுதச் சொன்னார். ஏனெனில் இருவர் தனித்தனியே குறித்த பதிவுகள் குறைந்தது 80 சதவீதமாவது ஒத்துப்போகாவிட்டால், அவ்விருவரும் ஒரே விடயத்தைத்தான் பார்க்கிறார்களா என்பதே ஐயத்துக்குரியதாகிவிடும்.

பதிவுகளில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. அம்மம்மா குழைத்து உருட்டித் தந்த முதற் கவளங்களை அவன் விருப்பத்துடனேயே உண்டான். பிறகு முகத்தைத் திருப்பினான், உதடுகளை இறுக்கினான், அவருடைய கையை மெல்லத் தள்ளினான்; ‘இன்னும் ஒரு வாய்’ என்று கவளம் மீண்டும் வந்தபோது கடித்தான், உடனே கோப்பை அகற்றப்பட்டது. தன் சிறிய அறிகுறிகள் எடுபடாத இடத்தில் அவனுக்கு எடுபட்ட ஒரே சொல் அந்தக் கடிதான். எனவே விரித்த உள்ளங்கைப் படமுள்ள அட்டையைக் கொடுத்து ‘காணும்’ (போதும்) என்று தெரிவிக்க அவனுக்குக் கற்பித்தோம். அட்டை கைக்கு வந்த கணமே ஊட்டுவதை நிறுத்தவேண்டும் என்பது அம்மம்மாவுக்கான பாடம். “அவன் அரைவயிறோட எழும்பினா எனக்கு நித்திரை வராது, பிள்ளை” என்றார் அவர். அந்தக் கவலையைப் புறந்தள்ளும் திட்டம் அந்த வீட்டில் நிலைத்திருக்காது. ஆகவே முதற் பரிமாறலின் அளவைக் குறைத்து, சற்று நேரம் கழித்து மீண்டும் உணவு வைக்க இடமளித்து, அவனுடைய எடையைக் குடும்ப வைத்தியர் கவனித்துவரவும் ஏற்பாடு செய்தோம். கடிப்பது படிப்படியாகக் குறைந்த பின்னரே, அட்டையைக் கொடுத்தபின் சிறிது நேரம் காத்திருக்கவும் பழக்கினோம்.

இத்துறையின் கடந்த காலத்தையும் அறிந்துகொண்டுதான் இதைப் பயிலவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட, ஓட்டிசம் உள்ள சிறு பிள்ளைகளுக்கான வாரத்துக்கு 40 மணிநேரச் சிகிச்சை பற்றிய ஆய்வு பெரும் நம்பிக்கையைத் தந்தது. ஆனால் அக்காலச் சிகிச்சையில் தண்டனையும் ஒரு பகுதியாக இருந்தது. கட்டாயமாகக் கண்ணைப் பார்க்கவைத்ததும், கைகளை அசைக்கவிடாமல் தடுத்ததும் தங்களை எப்படி வருத்தின என்று ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் இன்று எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வது சரியென்றே நான் கருதுகிறேன். பிள்ளை விலகிச் செல்வதைச் சம்மதமின்மையாக எடுத்துக்கொண்டு பயிற்சியை நிறுத்தத் தெரிந்திருப்பதும் தேர்ச்சிதான்.

தமிழ்ப் பெற்றோர் பலருக்கு, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரை எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடுகிறது. இரண்டு மொழிகள் கேட்டு வளர்வது ஓட்டிசம் உள்ள பிள்ளையின் மொழித்திறனைக் கெடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. பகல் முழுவதும் அம்மம்மாவுடன் இருக்கும் பிள்ளைக்குத் தமிழை நிறுத்துவது, அவனுடன் அதிகம் பேசுபவரையே நிறுத்துவதாகும். ஆதலால் முதற் சொற்களை அந்த வீட்டின் பேச்சிலிருந்தே தெரிவுசெய்யும்படி நான் கேட்டு வருகிறேன்.

இப்போது வேலையோடு முதுகலைப் படிப்பையும் தொடர்கிறேன். அந்தச் சிறுவன் செப்டெம்பரில் வேறொரு பாடசாலைக்கு மாறுகிறான். மதிய உணவின்போது அவனருகில் இருக்கப்போகும் உதவியாளருக்குத் தமிழ் தெரியாது. அதே உள்ளங்கைப் படத்தின் கீழே ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து, அட்டை நீட்டப்பட்டதும் செய்யவேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரைச்சல் மிகுந்த அந்த உணவு மண்டபத்தில் அவன் அட்டையை எடுக்கிறானா என்று முதல் வாரங்களில் நேரில் சென்று பதிவுசெய்யப் பாடசாலையிடம் அனுமதியும் கேட்டிருக்கிறோம்.