காகிதக் கூம்பும் இரும்புத் தகடும்

கிட்டார் வாசிப்பவர்கள் கூடும் இடத்தில் பழைய வால்வு (கண்ணாடிக் குழாய்க்குள் இருந்து ஒலியைப் பெருக்கும் பாகம்) ஆம்ப்ளிஃபையர் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் வால்வுகளைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. எந்த நாட்டில் செய்தது, எந்த ஆண்டில் செய்தது, கண்ணாடிக்குள் இருக்கும் தகடு கறுப்பா சாம்பலா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். எனக்கும் அந்தப் பேச்சில் விருப்பம் உண்டு. ஆனால் கடந்த ஆண்டு நானே ஓர் ஆம்ப்பைக் கட்டி முடித்த பிறகு, ஒலியின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை வால்வுக்குப் பின்னால் வரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும்தான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

நான் கட்டியது ஃபெண்டர் நிறுவனத்தின் சேம்ப் என்ற சிறிய ஆம்ப். 1950களின் பிற்பகுதியில் வந்த 5எஃப்1 என்ற சர்க்யூட். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். தேவையில்லாத ஒரு கம்பிகூட இல்லாத அந்த வரைபடத்தைப் பார்க்கும்போது, பழுதுபார்த்துப் பழகிய கை போட்டது என்பது தெரிகிறது. கிட்டாரின் மெல்லிய சிக்னலைப் பெருக்க 12ஏஎக்ஸ்7 ஒன்று, ஸ்பீக்கருக்குச் சக்தி தர 6வி6 ஒன்று, மின்சாரத்தை நேராக்க 5ஒய்3 ஒன்று என மொத்தம் மூன்றே வால்வுகள். ரெசிஸ்டர், கெபாசிட்டர் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினாலும் இருபதைச் சுற்றித்தான் வரும். முகப்பில் இருப்பது ஒரே ஒரு வால்யூம் திருகு. வெளிவரும் சக்தி சுமார் 5 வாட். எட்டு அங்குல ஸ்பீக்கர். வீட்டில் முதன்முறையாக வால்வு ஆம்ப் கட்ட நினைப்பவர்கள் பலரும் இந்தச் சர்க்யூட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த எளிமைதான் காரணம்.

அசல் அமெரிக்கப் பெட்டிகள் 117 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. நமக்கு 230 வோல்ட் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர்களைச் சென்னையிலேயே சுற்றிக்கொள்வது என்று முடிவு செய்தேன். சில்லறைப் பொருள்கள் ரிச்சி தெருவில் கிடைத்தன. 12ஏஎக்ஸ்7க்குப் பதிலாக, ஒரு பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபையரிலிருந்து எடுத்த ஈசிசி83ஐப் பொருத்தினேன். இரண்டும் ஒரே வால்வுதான். பெயர் மட்டும் ஐரோப்பியப் பெயர். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்தது அது.

முதல்முறை மின்சாரம் கொடுத்தபோது வரிசையில் ஒரு குண்டு பல்பை மாட்டி, அதன் வழியாகவே கொடுத்தேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆம்ப் பிழைத்துக்கொள்ளும். இதைக் கட்ட முனையும் எவருக்கும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும்.

அளவுகள் எல்லாம் சரியாகவே வந்தன. 6வி6இன் கேத்தோடில் இருக்கும் 470 ஓம்ஸ் ரெசிஸ்டரின் குறுக்கே 19 வோல்ட் இருந்தது. அதாவது வால்வின் வழியே சுமார் 40 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. காகிதத்தில் குறை எதுவும் இல்லை. ஆனால் கிட்டாரை மாட்டித் தடித்த ஆறாவது தந்தியை மீட்டியபோது, தொண்டை கட்டியவர் பேசுவதைப் போல ஒரு குரல் வந்தது. இரண்டு வாரம் வால்வுகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். வித்தியாசம் தெரிந்தது, நோய் தீரவில்லை.

காரணம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தது. 6வி6க்கு ஏறக்குறைய 5000 ஓம்ஸ் சுமை வேண்டும், ஸ்பீக்கரோ 4 அல்லது 8 ஓம்ஸ். இரண்டையும் இணைத்து வைப்பது இந்த டிரான்ஸ்ஃபார்மரின் வேலை. ஒரே ஒரு பவர் வால்வு உள்ள ஆம்ப்பில், அந்த 40 மில்லி ஆம்பியர் டிசி இதன் கம்பிச் சுருளுக்குள் எப்போதும் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இரும்புத் தகடுகள் ஒரு பக்கமாகவே காந்தமேறி நிறைந்துபோகும். தாழ்ந்த சுரங்களுக்கு அங்கே இடம் இருக்காது. இதைத் தவிர்க்கத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி விட வேண்டும். இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும் ஆம்ப்பில் அந்த மின்னோட்டங்கள் ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால் இடைவெளி தேவைப்படாது.

டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித் தந்த பெரியவர் நாற்பது ஆண்டுகளாக மைக் செட் ஆம்ப்ளிஃபையர்களுக்குச் சுற்றியவர். எல்லாம் இரட்டை வால்வு வகை. விஷயத்தைச் சொன்னதும், "இதுக்குள்ள டிசி ஓடுதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா இந்த வேலையே வந்திருக்காது தம்பி" என்றார். உண்மைதான், தவறு என்னுடையது. அங்கேயே உட்கார்ந்து, மாற்றி மாற்றி அடுக்கியிருந்த தகடுகளை ஒவ்வொன்றாக உருவினார். 'ஈ' வடிவத் தகடுகளை எல்லாம் ஒரே பக்கமாகச் சேர்த்தார். கணக்கு நோட்டின் தாளிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து மடித்து வைத்து, அதன்மேல் 'ஐ' வடிவத் தகடுகளை அடுக்கி இறுக்கினார். அரை மணி நேர வேலை. அன்று மாலை அதே ஆறாவது தந்தி நெஞ்சிலிருந்து பேசியது.

மிச்சமிருந்த குறை ஸ்பீக்கரில். எட்டு அங்குல ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, நண்பர் ஒருவரின் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்தபோது, அந்தச் சிறிய ஆம்ப்பா இது என்று நானே திகைத்து நின்றேன். இதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் ஒலிக்கும் என்பது ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறுபடும். 3 டெசிபல் கூடினால், ஆம்ப்பின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். செலஸ்டியன் நிறுவனத்தின் அல்நிகோ ப்ளூ என்ற ஸ்பீக்கர் 100 டெசிபல் தரும். அதில் 5 வாட்டை விட்டால், 94 டெசிபல் ஸ்பீக்கரில் 20 வாட்டை விட்டதற்கு ஒப்பாகும். ஒலியின் அளவோடு நிறமும் மாறும். கிட்டார் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு, வீட்டு ஸ்டீரியோ ஸ்பீக்கரைப் போல நேர்மையாக ஒலிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. உயர்ந்த சுரங்களில் அது துண்டு துண்டாக அதிர்ந்து, தன் குரலையும் சேர்த்துத்தான் பாடும். வால்வை உரக்க ஓட்டி ஒலி சிதையும்போது எழும் முரட்டுத்தனத்தை வடிகட்டுவதும் அதுவே.

பழைய ஆம்ப்களின் வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் பல விஷயங்கள் விளங்குகின்றன. 1962இல் லண்டனின் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷலின் கடையில், கென் பிரானும் டட்லி க்ரேவனும் ஃபெண்டரின் பேஸ்மேன் என்ற ஆம்ப்பின் 5எஃப்6-ஏ சர்க்யூட்டைப் பார்த்து ஜேடிஎம்45 என்ற ஆம்ப்பைக் கட்டினார்கள். வரைபடம் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வால்வு 12ஏஒய்7இலிருந்து ஈசிசி83 ஆயிற்று. டிரான்ஸ்ஃபார்மர்கள் இங்கிலாந்தில் கிடைத்தவை. பேஸ்மேனில் பின்பக்கம் திறந்த பெட்டியில் நான்கு பத்து அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள் இருந்தன. மார்ஷலோ மூடிய பெட்டியில் நான்கு பன்னிரண்டு அங்குல செலஸ்டியன்களை வைத்தார். திறந்த பெட்டியில் பின்னால் போகும் அலை சுற்றி வந்து முன்னலையின் தாழ்ந்த சுரங்களை அழிக்கும். மூடிய பெட்டியில் அதற்கு வழியில்லை. ராக் இசையின் அடிவயிற்று அதிர்வில் பாதி பின்பக்கத்தை மூடிய அந்தப் பலகையிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பில் நான்கு இஎல்84 வால்வுகளோடு இரண்டு செலஸ்டியன் ப்ளூக்கள் சேர்ந்ததால்தான் அந்த மணியோசை கிடைத்தது. 1959இல் செய்த ஒரு சிறிய ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்ப்பை ராக் பாடகர் நீல் யங் பல பத்தாண்டுகளாக விடாமல் வைத்திருக்கிறார். அந்த 5இ3 சர்க்யூட்டில் இரண்டு 6வி6. நாம் பயன்படுத்தாத சேனலின் (கிட்டாரை மாட்டும் வழியின்) திருகைத் திருப்பினாலும் பயன்படுத்தும் சேனலின் குரல் மாறும். இந்த விசித்திரத்தைக் குறையாக எண்ணாமல் கருவியின் ஒரு பகுதியாகவே ரசிகர்கள் நேசிக்கிறார்கள். அந்த டீலக்ஸ்களில் வந்த ஜென்சன் பி12ஆர் ஸ்பீக்கர் சிறிய காந்தம் கொண்டது. அடித்து வாசித்தால் சீக்கிரமே தளர்ந்து கனியும். எனக்கு மிகவும் பிடித்த கிட்டார் ஒலி அதுதான்.

இப்போது என் ஆம்ப்புக்குப் புதுப் பெட்டி தயாராகிறது. பழைய ஃபெண்டர் பெட்டிகள் பைன் மரத்தில் விரல் கோத்ததுபோல மூட்டுப் போட்டுச் செய்யப்பட்டவை. நானும் இறக்குமதிச் சரக்குகளோடு வரும் பைன் பலகைகளை இழைத்து அதேபோல ஆசாரியிடம் செய்யக் கொடுத்திருக்கிறேன். உள்ளே பத்து அங்குல ஸ்பீக்கர். பின்பக்கத்தை எவ்வளவு திறந்துவிடுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இரண்டு அளவுகளில் பலகை வெட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாற்றி மாற்றித் திருகிக் கேட்க வேண்டும்.