தரையில் கட்டிப் புரள்வதா, நின்று குத்துவதா: இதுவரை பழகிப் பார்த்ததில் தெரிந்தவை

பாக்ஸிங் எனக்குப் பழைய பழக்கம், தரையில் கட்டிப் பிடித்து மடக்கும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு அதற்கு அப்புறம் வந்தது. தனித்தனியாகப் பழகும்போது ஒவ்வொன்றும் தன்னளவில் போதும் என்றுதான் தோன்றுகிறது. அது சரிதானா என்று பார்க்க இப்போது ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கூட்டாளியோடு இரண்டையும் கலந்து பழகுகிறேன். விரல் திறந்த கையுறை, பல் காப்பு, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, மேலே இருப்பவர் பாதி வேகத்தில் குத்தலாம், கீழே இருப்பவர் எப்படியாவது எழுந்து விலகிவிட வேண்டும். புள்ளிக் கணக்கு கிடையாது.

முதல் வாரத்திலேயே மாறியது என் கார்டு, அதாவது மல்லாந்து படுத்துக் கால்களால் எதிராளியைத் தடுக்கும் நிலை. போட்டிக்குப் பழகும்போது எதிராளியின் இடுப்பைக் கால்களால் பூட்டிவிட்டு, சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக யோசிக்கலாம். குத்து அனுமதி உண்டு என்றால் அந்த நிதானம் போய்விடுகிறது, அவர் முதுகை நிமிர்த்திய அடுத்த நொடி முகத்தில் விழுகிறது. பின்கழுத்தை ஒரு கையால் இழுத்து, இன்னொரு கையால் அவர் தோளைச் சுற்றிக் கட்டி, நெஞ்சோடு நெஞ்சு ஒட்ட வைத்தால்தான் வீசிக் குத்த அவருக்கு இடம் இருக்காது. அவர் மறுபடி நிமிரப் போராடும்போது பாதங்களை அவர் இடுப்பில் வைத்துத் தள்ளிவிட்டு எழ வேண்டும்.

அப்படி எழுந்து நிற்பதில்தான் இப்போது அதிக நேரம் செலவிடுகிறேன். வலது கையைப் பின்னால் ஊன்றி, இடது பாதத்தைத் தரையில் பதித்து, இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, வலது காலால் அவர் முழங்காலை உதைத்து, அதே காலை உடலுக்கு அடியில் பின்னால் இழுத்து நிற்பது. இடுப்பை நன்றாகத் தூக்கினால்தான் அந்தக் கால் ஊன்றிய கைக்கும் பாதத்துக்கும் நடுவே தடங்கல் இல்லாமல் போகும், இல்லையென்றால் பாதம் தட்டி உட்கார்ந்துவிடுவோம். பார்வை எதிராளி மேலேயே இருக்க வேண்டும்.

1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை மடக்கினார், அதில் ஒருவர் பாக்ஸர். தரைச் சண்டைதான் பெரிது என்பவர்கள் இன்னும் அதைத்தான் சொல்கிறார்கள். அங்கே கீழே மெத்தை, எதிரே ஒரே ஆள். எனக்கு அதைவிட உதவுவது 1997 ஜூலையில் அதே யுஎஃப்சி-யில் நடந்த சண்டை: கிக்பாக்ஸரான மாரிஸ் ஸ்மித், மல்யுத்த வீரர் மார்க் கோல்மனிடம் ஆரம்பத்தில் கீழே மாட்டியும் தாக்குப்பிடித்து, அவர் களைத்ததும் நின்று அடித்து, நடுவர்கள் தீர்ப்பில் பட்டம் வென்றார். கீழே பிழைத்து எழத் தெரிந்ததால்தான் அவருடைய உதைகளுக்கு வேலை வந்தது. நான் தரைச் சண்டை பழகுவதும் இதற்காகத்தான்.

மூன்றாவது ஆளைச் சேர்த்தும் பார்த்தோம். நான் கூட்டாளி மேல் ஏறி உட்கார்ந்து (இதுதான் மவுண்ட்) கழுத்தை நெரிக்க முயலும்போது அந்த மூன்றாவது ஆள் எந்தப் பக்கமிருந்தும் வந்து என் பின்னந்தலையைத் தொட்டுவிட்டார், ஒரு தடவைகூட முன்கூட்டிப் பார்க்க முடியவில்லை. முழங்காலை மட்டும் வயிற்றில் அழுத்தி வைத்திருந்தபோது சுற்றிலும் பார்க்க முடிந்தது, உடனே எழுந்து விலகவும் முடிந்தது. மவுண்ட்டைவிட இந்த நிலையைத்தான் இனி அதிகம் பழகப் போகிறேன்.

குத்துக்கும் விலை உண்டு. கையுறையும் கட்டுத்துணியும் இல்லாமல் மண்டையைக் குத்தினால் சுண்டுவிரல் பக்க எலும்பு சுலபமாக முறியும். 1988-ல் தெருச் சண்டையில் மைக் டைசனுக்கே வலது கை முறிந்தது. அதனால் பேடில் (குத்திப் பழகும் மெத்தைப் பட்டையில்) உள்ளங்கை அடியையும் சேர்த்திருக்கிறேன், எட்டும் தூரம் குறைகிறது, அதற்கேற்ப ஒரு அடி உள்ளே போக வேண்டியிருக்கிறது. இன்னொன்று எனக்கு நிஜமாகவே பயம் தருவது: ஒரு குத்தில் நினைவு தப்பியவர் பின்னால் சாய்ந்து சிமெண்ட் தரையில் தலை மோதினால் உயிரே போகலாம். குடித்துவிட்டுத் தள்ளுகிற சொந்தக்காரரைக் குத்தவா முடியும்? அங்கே பிடித்து அடக்கத் தெரிந்தவர்தான் யாருக்கும் காயம் இல்லாமல் முடிப்பார்.

இப்போதைக்கு நேரத்தில் பாதி நின்று அடிப்பதற்கும் எதிராளி காலைப் பிடிக்க வந்தால் என் கால்களைப் பின்னால் வீசி இடுப்பு எடையை அவர் மேல் போடுவதற்கும், மீதி கீழிருந்து எழுவதற்கும் போகிறது. அடுத்த வாரம் முதுகு சுவரில் முட்டிய நிலையில் இதே பயிற்சியை ஆரம்பிக்கிறோம், பின்னால் காலை இழுக்க இடமே இல்லாதபோது பக்கவாட்டில் எழ முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.