மார்கழி முதல் சித்திரை வரை: கரையோர நாட்குறிப்பு

ஜனவரி 4, பழவேற்காடு

மழைத் தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது. ஏரியின் சராசரி ஆழமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். நீர் இறங்க இறங்கச் சேற்றுத் திட்டுகள் தலைகாட்டும், பூநாரைகளும் கரைக்குக் கிட்டே வரும். சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். விடிகாலை வண்டியைப் பிடியுங்கள். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர்மேல் கானல் ஆடும், பைனாகுலரில் பறவை வெறும் வெள்ளைக் கோடாகிவிடும்.

அண்ணாமலைச்சேரி மட்டும் இதற்கு விலக்கு. அது மேற்குக் கரை என்பதால் காலையில் சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும். நாலு மணிக்கு மேல் வெளிச்சம் முதுகுப் பக்கம் வந்துவிடும். படம் எடுப்பவர்களுக்கு அதுதான் நேரம்.

பூநாரை மேய்வதை அவசரப்படாமல் பாருங்கள். காலால் மிதித்துச் சேற்றைக் கலக்கும். அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் பம்பு அடிப்பது போல நீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போல இருப்பவை இரையை நிறுத்திக்கொள்ளும். நாம் நெருங்கினால் முதலில் மேய்ச்சல் நிற்கும், கழுத்து நிமிரும். அதைப் பார்த்ததும் நின்றுவிட வேண்டும். இன்னும் பத்தடி வைத்தால் கூட்டமே எழும்பிப் பறந்துவிடும்.

படகுச் சவாரிக்கு யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆளேற்றினார்கள், லைஃப் ஜாக்கெட்டும் இல்லை. முகத்துவாரத்தில் ஏரியின் ஓட்டமும் கடல் அலையும் எதிரெதிரே மோதும். ஏரி அமைதியாக இருக்கிறதே என்று நம்பிப் போகிற இடமில்லை அது.

டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டையில் இப்போது புதர்தான் மிச்சம். கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். கல்வெட்டு எழுத்துகள் சாய்வெயிலில்தான் தெளிவாகத் தெரியும், உச்சிவெயிலில் கல்லோடு கல்லாகிவிடும்.

ஜனவரி 17

காணும் பொங்கல். கோவளம், மாமல்லபுரம், முட்டுக்காடு எதுவும் இன்றைக்கு வேண்டாம். சாலையே நகராது.

பிப்ரவரி 14, இரவு, நீலாங்கரை

பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடக் கரையேறும் காலம். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இங்கிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கரையோரம் நடந்து கூடு தேடுகிறார்கள். பொதுமக்களும் கூட நடக்கலாம். மணலில் ஏழு கிலோமீட்டர் அளவுக்கு நடை. முந்தின பகலில் தூங்கிவிட்டு வாருங்கள். கறுப்பு அல்லது அடர்நிற உடை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் கூடாது. ஏறி வரும் ஆமை வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

தடம் டிராக்டர் சக்கரம் போனது போல இருக்கும். அது முடிகிற இடத்தில் மணல் கலைந்திருக்கும். கூடு குடுவை வடிவம், ஒன்றரை அடி ஆழம், நூறு முட்டைக்கு மேல் இருக்கும். முட்டை இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் புரட்டினால் செத்துப்போகும். அதனால்தான் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறவர்கள் அன்றிரவே மாற்றுகிறார்கள். பழகியவர்கள் இல்லாமல் கூட்டில் கை வைக்கவே கூடாது.

வழியில் செத்து ஒதுங்கிய ஆமைகளையும் பார்ப்பீர்கள். மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய உயிர் இழுவலையில் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். பார்க்கப் பொறுக்காது.

மார்ச் 8, ஆலம்பரை

பஸ் போர்டில் ‘இசிஆர்’ (கிழக்குக் கடற்கரைச் சாலை) என்று இருக்கிறதா பார்த்து ஏறுங்கள். திண்டிவனம் வழியாகப் போகிற புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் கடப்பாக்கம் வராது. கடப்பாக்கத்தில் இறங்கியபின் ஆலம்பரைக் கோட்டைக்கு ஆட்டோ, திரும்புவதற்கும் அதே ஆட்டோவைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1760இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். மிஞ்சிய சுவர்களில் பல இடங்களில் சாந்து உதிர்ந்து செங்கல் ஆடுகிறது. மேலே ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள். நிழல் இல்லை, பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15, கோவளம்

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இன்று தொடக்கம், ஜூன் 14 வரை. விசைப்படகுகள் போகாது, ஃபைபர் படகுகள் போகும். காலையில் கரைக்கு வந்தால் சங்கரா, கவலை, நெத்திலி, நண்டு அன்றன்றைக்குப் பிடித்ததாகவே கிடைக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழிந்திருக்கக் கூடாது. நெத்திலிக்கு வயிறு உடையாமல் இருப்பதுதான் அடையாளம். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போட்டால்தான் வீடுவரை தாங்கும்.

பள்ளி விடுமுறை வருகிறது, கடலில் இறங்குவோர் கூடுவார்கள். அலை உடையாமல், நிறம் கலங்கி, நுரை கடலை நோக்கி ஓடும் ஒரு பட்டை தெரிந்தால் அதுதான் உள்ளே இழுக்கும் ஓட்டம். அமைதியாகத் தெரிவதால் அங்கேதான் இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், களைப்பு வந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்தபின் திரும்புங்கள். அடுத்தவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு இறங்காமல், மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேனைக் கயிற்றில் கட்டி எறியுங்கள்.