ஓயுவேலோஸ்: தேன்கூட்டு வீட்டைத் தேடி ஒரு பகல்

ஸ்பானிய இயக்குநர் விக்தோர் எரிசே 1973இல் எடுத்த ‘தேன்கூட்டின் ஆவி’ படத்தின் ஊர் கற்பனையல்ல. சினிமாப் பெட்டியோடு லாரி வந்து நுழையும் ஓயுவேலோஸ், ஸ்பெயினின் செகோவியா மாகாணத்தில் இன்றும் இருக்கிறது. நூறு பேர்கூட இல்லாத சிற்றூர். வழிகாட்டிச் செயலியில் தேடும்போது முன்னால் ஆங்கில ‘எச்’ போட்டு Hoyuelos என்று தட்டுங்கள். வாயால் கேட்கும்போது அந்த எழுத்தை விழுங்கிவிடுங்கள்.

தலைநகர் மத்ரித்திலிருந்து அதிவேக ரயில் அரை மணியில் செகோவியா சேர்த்துவிடும். ஆனால் கியோமார் நிலையம் ஊருக்கு வெளியே வெட்டவெளியில் நிற்கிறது. அங்கிருந்து நகரப் பேருந்து பிடிக்க வேண்டும். அதற்கப்பால் சிற்றூர்ப் பேருந்தை நம்பினால் நாள் போய்விடும். மத்ரித்திலேயே வாடகைக் கார் எடுப்பது உத்தமம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இந்தியாவிலேயே வாங்கிவிடுங்கள். வண்டி வலப்பக்கம் போகும், அதுவும் பெரும்பாலும் கியர் வண்டி.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் முடிந்தது 1939இல். கதை 1940ஐ ஒட்டி நடக்கிறது. அந்தப் போரில் வென்ற சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் எடுத்த படம், போரைப் பற்றி வாய்திறப்பதில்லை. மொட்டை வயலும் நீண்ட அடிவானமும்தான் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. ஜூனில் போனால் கோதுமை விளைந்து நிற்கும், அழகுதான், ஆனால் படம் காணாமல் போயிருக்கும். பிப்ரவரி, மார்ச்சே சரி. மேட்டுநிலம் என்பதால் இரவில் உறைகுளிர், பகலிலும் காற்று காதைக் கடிக்கும்.

சிறுமி அனாவின் வீடாக வரும் மாளிகையை வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. உள்ளே போவதாகத் திட்டம் போடாதீர்கள். ஆகவே புறப்படுமுன் படத்தை இன்னொரு முறை பாருங்கள். அறுகோணச் சட்டமிட்ட சன்னல்களில் தேன்நிற ஒளி கசிகிறதே, அதை அமைத்த ஒளிப்பதிவாளர் லூயிஸ் குவாத்ராதோவுக்கு அப்போதே பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. காலை உணவுக் காட்சியையும் கவனியுங்கள்: அப்பா, அம்மா, இரண்டு மகள்கள் ஒரே மேசையில்தான் இருக்கிறார்கள், ஆனால் நால்வரும் சேர்ந்த சட்டகம் ஒன்றுகூடக் கிடையாது. மாளிகைச் சுவர் முன் நிற்கும்போது இது நினைவில் இருந்தால் போதும், உள்ளே போகாத குறை தெரியாது.

ஊரைச் சுற்ற ஒரு மணி நேரம் தாராளம். பக்கத்தில் சாந்தா மரியா லா ரெயால் தே நியேவா மடாலயத்தின் தூண் தலைப்புச் சிற்பங்களைத் தவறவிடாதீர்கள். மதியச் சாப்பாடு இந்தப் பக்கம் 2 மணிக்கு மேல்தான்; பன்னிரண்டரைக்கே பசிக்கிறவர்கள் கையில் கட்டிக்கொண்டு போவது நல்லது.